உம் கொட்டும் பொத்தான்

1

இந்தக் கதை ஒரு தடுப்புப் பலகைக்குப் பின்னாலிருந்து எனக்குக் கிடைத்தது.

கைபேசியின் கண்ணாடி உடைந்து, பழுதுபார்க்கும் கடையில் உட்கார்ந்திருந்தேன். "கொஞ்ச நேரம் ஆகும், உட்காருங்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் பலகைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். அங்கே சண்டை நடந்துகொண்டிருந்தது. சொத்துத் தகராறு என்றுதான் முதலில் நினைத்தேன்.

"அந்த வீட்டைப் பத்தி என்கிட்ட பேசாதீங்க. நான் அங்கேயே வளர்ந்தவன்" என்றது ஓர் ஆண் குரல்.

"வளர்ந்திருக்கலாம். ஆனா அம்மா அப்படிச் சொல்லவே இல்ல" என்றது ஒரு பெண் குரல்.

"சொன்னாங்க. நான் என் காதால கேட்டேன்."

காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வீடு, அம்மா, நிலவறை எல்லாம் ஒரு பழைய வீடியோ கேமில் இருப்பவை என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. சப்பென்று ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அந்த ஆண் குரலில், சொத்துக்குச் சண்டை போடுகிறவர்களிடம்கூட நான் கேட்டிராத ஒரு நடுக்கம் இருந்தது.

அவர்கள் பேசியதில் பாதிதான் என் காதில் விழுந்தது. மீதி என் கைச்சரக்கு. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையே கைச்சரக்கைப் பற்றியதுதான் என்று போகப்போகத் தெரியும்.

2

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

"இருண்ட நடைக்கூடத்தில் ஒரு சிறுமி விளக்கோடு நடந்துகொண்டிருந்தாள். அவள் பின்னால் ஏதோ ஒன்று—"

இதை இரண்டு பக்கம் இழுத்துவிட்டு, "பயந்துவிட்டீர்களா? இது வெறும் விளையாட்டு" என்று உங்கள் காதைத் திருகலாம். எனக்கே பிடிக்கவில்லை. அடித்துவிட்டேன்.

"கதாபாத்திரமாக மாறி ஆடும் விளையாட்டுகளும் திகில் விளையாட்டுகளும் ஒன்றோடொன்று கலந்த காலகட்டத்தில்—"

கொட்டாவி வந்தது. அடித்துவிட்டேன்.

"கதவு திறக்கும்போது யாராவது பேசினால் லிப்ட் மெக்கானிக்கிற்குப் பிடிக்காது."

இது இருக்கட்டும். இவன்தான் அந்த நடுங்கிய குரல்.*

* லிப்ட் மெக்கானிக் என்பது நான் கொடுத்த வேலையல்ல. சட்டைப் பையில் கம்பெனிப் பெயர் தைத்திருந்ததைப் பலகையின் இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

3

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கடையின் கதவைப் பாதி இறக்கிவிட்டு மூவரும் பின்னறையில் கூடுவார்கள். கடைக்காரர், ஒரு கணக்கு டீச்சர், நம்முடைய மெக்கானிக். ஈயம் பற்றவைத்த வாசனை. அலமாரியில் வயர் சுற்றிய பழைய விளையாட்டுப் பெட்டிகள். புதிய விளையாட்டுகளைப் பற்றி அங்கே யாரும் பேச மாட்டார்கள். பேசினால் மற்ற இருவரும், சாவு வீட்டில் யாரோ சீட்டி அடித்ததுபோல் பார்ப்பார்கள்.

அன்றைக்குப் பேச்சு, ரசிகர்கள் 'விளக்கு' என்று செல்லமாகக் கூப்பிடும் ஒரு விளையாட்டைப் பற்றி. பாழடைந்த பெரிய வீடு. தொலைந்த தம்பியைத் தேடிப் போகும் ஒரு சிறுமி. கையில் விளக்கு, அதிலிருக்கும் எண்ணெய்தான் அவளுடைய உயிர். நிழல்கள் வழிமறிக்கும், அவள் ஒருமுறை, அவை ஒருமுறை என்று சண்டை நடக்கும். எங்கேயாவது நிலைக்கண்ணாடி தென்பட்டால் அதன் முன் நின்று அதுவரை ஆடியதைச் சேமிக்கலாம்.

"ஒவ்வொரு கதவும் திறக்க எவ்வளவு நேரம் எடுக்கும்! அந்தத் தாமதம்தான் பயமே" என்றார் கடைக்காரர். "இப்ப புதுசா பண்ணி விட்டிருக்கான், கதவு பட்டுனு திறக்குது. பயமும் பட்டுனு போயிடுச்சு."

"அது பயமுறுத்தறதுக்கு வச்சது இல்லண்ணே. அடுத்த அறையை எடுத்து வைக்க அந்தப் பெட்டிக்கு அவ்வளவு நேரம் வேணும், அவ்வளவுதான்" என்றார் டீச்சர். எதையும் பாதியில் விடாதவர்.

"ரெண்டும்தான்" என்றான் மெக்கானிக். "எங்க வேலைலயும் கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கணும்னு நாங்கதான் வைப்போம். ஆபீஸ்ல குறைச்சு வைப்போம். ஆஸ்பத்திரில ஸ்ட்ரெச்சர் வரும், அதனால கூட்டி வைப்போம். காரணம் என்னவோ அதுதான். ஆனா உள்ள நிக்கிறவனுக்கு அந்த நேரத்துல மனசு எங்கெங்கயோ போயிட்டு வரும்."

பிறகு அவனே தொடர்ந்தான். "கதவை விடுங்க. நிலவறையில அந்தப் பெரிய நிழல் வருமே, அந்தப் பொண்ணோட அம்மா. சண்டை முடிஞ்சதும் அது ஒண்ணு சொல்லும் பாருங்க. 'நீ முன்னால போ கண்ணு. நான் கதவைச் சாத்திட்டு வர்றேன்.' அதுக்கு மேல ஒரு விளையாட்டுல என்ன வேணும்?"

இங்கேதான் சண்டை வெடித்தது.

கடைக்காரர் நடுநிலை வகித்தார். அவர் எழுத்தைப் பார்த்ததும் பொத்தானைத் தட்டித் தள்ளிவிட்டுப் போகிற ரகம். டீச்சர் அந்தக் குழுவுக்குப் புதியவர், அதோடு ஆங்கிலத்தில் பெயர்த்த பதிப்பை வரிவிடாமல் படித்து ஆடியவர். மடிக்கணினியைத் திறந்து அந்த இடத்தையே போட்டுக் காட்டினார். நிழல் தோற்று விழுந்தது. திரையின் அடியில் எழுத்துப் பெட்டி திறந்தது. "அணை" என்றது. அடுத்த பெட்டியில் "விளக்கை அணை". அடுத்ததிலும் அதேதான். கதவும் இல்லை, கண்ணும் இல்லை.

"இது வேற பதிப்பா இருக்கும்" என்றான் மெக்கானிக்.

"கதை எல்லாப் பதிப்புலயும் ஒண்ணுதாங்க. நீங்க எந்த மொழில ஆடினீங்க?"

"அந்த விளையாட்டைப் பண்ணின நாட்டு எழுத்துலயேதான். மாமா வெளிநாட்டுலேருந்து கொண்டுவந்த பெட்டி. எழுத்தெல்லாம் பூச்சி பூச்சியா இருக்கும். எனக்கு அக்கா படிச்சுக் காட்டுவா."

"அக்காவுக்கு அந்த மொழி தெரியுமா?"

விளையாட்டின் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. இத்தனை வருஷத்தில் அவன் அந்தக் கேள்வியைத் தன்னிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பது எனக்கே தெரிந்தது. அக்கா படித்தாள் என்றால் படித்தாள்தான்.

அந்த நேரம் பார்த்துக் கடைக்காரர் வெளியே வந்து என் கைபேசியை நீட்டினார். "ரெடிங்க."

4

இனிமேல் வருவதில் நான் கேட்டது எதுவும் இல்லை.

எனக்கு வேண்டியது ஓர் அக்கா. முதலில் அவளைப் பாட்டு டீச்சராக வைத்தேன். ஏன் என்பது பின்னால் புரியும், புரியும்போது "இதுக்கா பாட்டு டீச்சர்?" என்று நீங்கள் உதட்டைச் சுழிப்பீர்கள். மாற்றிவிட்டேன். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, தனக்கென்று ஒரு பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு, "ரோட்டைப் பாருங்க சார், என்னைப் பாக்காதீங்க" என்று வாழ்நாளில் பாதியைக் கத்தியே கழித்தவள்.

சின்ன வயதில் இருவரும் அந்த விளையாட்டை ஆடிய விதம் இப்படி. கட்டிலின் காலில் சாய்ந்து தரையில் அக்கா. அவள் மடியில் சாய்ந்து இவன். நடப்பது, சண்டை போடுவது எல்லாம் அக்கா. எழுத்துப் பெட்டி திறந்தால் மட்டும் பொத்தான்கள் வைத்த கைப்பிடி இவன் கைக்கு வரும். பெட்டியின் மூலையில் ஒரு சின்ன முக்கோணம் மின்னிக்கொண்டே இருக்கும். பொத்தானை அமுக்கினால்தான் அடுத்த வரி வரும். அமுக்காவிட்டால் அந்த நிழல், அந்தச் சிறுமி, மழை எல்லாம் எத்தனை காலமானாலும் அப்படியே நிற்கும்.

அக்கா ஒரு பெட்டியைப் படிப்பாள். இவன் "ம்" என்பான், அமுக்குவான். அடுத்த பெட்டி. "ம்." உம் கொட்டினால்தானே கதை நகரும்? உலகத்திலுள்ள எல்லாப் பிள்ளைகளும் வாயால் செய்கிற வேலையை இவன் கட்டைவிரலாலும் செய்தான். அந்தப் பொத்தானுக்கு அவர்கள் வீட்டில் பெயரே 'உம் பொத்தான்'தான்.

அது அவர்களுடைய அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பாமல் போன வருஷம். அப்பா வேலையிலிருந்து வரும்வரை வீட்டில் சத்தம் ஏதாவது இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் மாமா அந்தப் பெட்டியையே கொண்டுவந்து கொடுத்தார்.

(இந்த இடத்தில் அந்த வீட்டின் துக்கத்தை ஒரு பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். துக்கம் என்றால் துக்கம். உங்களுக்குத் தெரியாததா?)

5

அக்காவுக்கு இப்போது குரல்வளையில் கட்டி. எடுத்தால் உயிர் தங்கும், குரல் தங்காது. பிறகு பயிற்சி எடுத்து, ஒரு கருவியை வைத்து, பேசவைக்கலாம் என்று டாக்டர் தைரியம் சொல்லியிருக்கிறார். பேசலாம்தான். ஆனால் அது அந்தக் குரலாக இருக்காது.

நோயைக் கொண்டுவந்தது அழவைக்கும் குறுக்குவழி என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். ஒரு வரைவில் அவளை நலமாகத்தான் வைத்திருந்தேன். தம்பி போனில் கேட்டான், அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள், கதை அரைப் பக்கத்தில் முடிந்துபோனது. அதைவிட மோசம், அடுத்த வரைவில் அவன் கேட்கவே இல்லை. அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். நேரம் கிடக்கிறது என்றால் நம்மில் யார்தான் எதைத்தான் கேட்கிறோம்?

அவன் அக்கா வீட்டுக்குப் போனபோது அவள் ஆஸ்பத்திரிக்குப் பை கட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் ஆபரேஷன். மச்சான் சமையலறையில் பாத்திரத்தைத் தேவையில்லாமல் கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்த விளக்கு ஆட்டம் ஞாபகம் இருக்கா?"

"ஒரு பொண்ணு யார் பேச்சும் கேக்காம சுத்திட்டே இருக்குமே, அதுவா?" குரல் ஏற்கெனவே மணலில் இழுபட்டது.

"கடைல ஒரு டீச்சர் கேட்டாங்க. உனக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியுமா?"

அவள் துண்டை மடித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். "இன்னிக்குத்தான் உனக்குச் சந்தேகமே வந்துச்சா? தலை நரைச்சுப் போச்சேடா." சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"அப்ப எல்லாமே புளுகா?"

"புளுகுன்னா? நான் எழுத்தையா படிச்சேன்? உன் மூஞ்சியப் படிச்சேன். உதடு பிதுங்குச்சுன்னா கதையைத் திருப்பிடுவேன்."

அவனுக்குக் கோபமாக வந்தது. ஊர்ப்பட்ட ரசிகர்களிடம் வருஷக்கணக்கில் வரிந்துகட்டிக்கொண்டு வாதாடியவன். 'விளக்கின் அம்மா பேசும் வசனம்' என்று இணையத்தில் முழ நீளத்துக்கு எழுதியவன். எத்தனை பேர் மனசுக்குள் சிரித்திருப்பார்கள்?

"அம்மா பேசினதும் நீ விட்ட கதைதானா?"

துண்டு பாதி மடிப்பில் நின்றது.

"அது இல்ல. அது நம்ம அம்மா சொன்னது." கொஞ்சம் எச்சில் விழுங்கினாள். விழுங்குவது கஷ்டமாக இருந்தது தெரிந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்குக் காலைல. நம்மள ஸ்கூலுக்கு அனுப்பறப்ப. நீ சின்னப் பையன், உனக்கு எங்க ஞாபகம் இருக்கப்போகுது. நீ முன்னால போ கண்ணு, நான் கதவைச் சாத்திட்டு வர்றேன்னாங்க. எனக்கு அதை எங்கயாவது வைக்கணும்போல இருந்துச்சு. அங்க வச்சேன்."

அவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். யாராலும் அழிக்க முடியாத ஓர் இடத்தில், அந்த நாட்டுப் பூச்சியெழுத்துக்குப் பின்னால், அவனுடைய அம்மா இத்தனை காலமும் இருந்திருக்கிறாள். அதை அவன் முகம் தெரியாதவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறான். கோபம் போன இடம் தெரியவில்லை.

"கடைசில மட்டும் ஏன் நீ படிக்கல?" என்றான். "அந்தப் பொண்ணு கடைசிக் கதவு கிட்ட வந்தா. பெட்டி நிறைய எழுத்து இருந்துச்சு. நீ 'இங்க ஒண்ணும் எழுதல'ன்னுட்டு ஆஃப் பண்ணிட்ட. தம்பி கிடைச்சானா இல்லையா?"

"உன் டீச்சரம்மா சொல்லலையா?"

"சொல்ல வந்தாங்க. வேண்டாம்னுட்டேன். எனக்கு உன் ஆட்டத்தோட முடிவுதான் வேணும்."

அக்கா துண்டைப் பைக்குள் வைத்தாள். "அன்னிக்கு நீ டிவியப் பாக்கல. என் மூஞ்சியவே பாத்துட்டு இருந்த. அப்படிப் பாத்தா எனக்கு எப்படிடா வரும்?"

"இப்ப பாக்கல. சொல்லு." சின்னப்பிள்ளைபோல் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

"அந்தப் பொண்ணு கதவைத் திறந்தா" என்றாள் அக்கா.

"ம்."

"திறந்தா..." இருமல் வந்தது. நிற்கவில்லை. மச்சான் ஈரக்கையோடு ஓடிவந்தார். "பேச்சைக் குறைன்னு டாக்டர் அத்தனை தடவ சொல்லியிருக்காரு. என்ன மாப்ள நீயும்?"

அவன் சுவரைப் பார்த்தபடியே இருந்தான்.

6

அந்த ஆஸ்பத்திரியின் லிப்டைப் பராமரிப்பவன் அவன்தான். (இது கொஞ்சம் வசதியாக அமைந்துவிட்டது. தெரியும். விட்டுவிடுங்கள், எனக்கு அந்த லிப்ட் வேண்டும்.)

காலையில் ஸ்ட்ரெச்சரில் அவளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பச்சைத் தொப்பிக்குள் முடியெல்லாம் போய், அக்கா யாரோபோல் இருந்தாள். கதவு திறந்தது. உள்ளே கொண்டுபோனார்கள். இவனை வெளியே நிற்கச் சொன்னார்கள்.

கதவு மூடவில்லை. அதை அவ்வளவு நேரம் திறந்திருக்கும்படி வைத்தவனே அவன்தானே? வார்டு பையன் பொத்தானைத் திரும்பத் திரும்பத் தட்டினான். எதுவும் நடக்காது என்று இவனுக்குத் தெரியும். கதவு திறந்திருக்கும்போது பேசுவது இவனுக்கும் அக்காவுக்கும் பழக்கமில்லை. விளையாட்டில் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள். இப்போதும் அப்படித்தான் நின்றான். சொல்லு என்று அவன் கேட்கவில்லை. கேட்டால், இதுதான் கடைசி என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

கதவு நகரத் தொடங்கியபோது அக்கா தலையைத் தூக்கினாள்.

"போயிட்டு வந்து சொல்றேன்டா."

வீட்டை விட்டுக் கிளம்பும் எல்லோரும் சொல்வதுதான். வாய்ப்பழக்கம். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அவள் கண் விரிந்ததை அவன் பார்த்தான். வந்துவிடுவாள், சொல்லத்தான் முடியாது. அந்த ஒரு கணத்தில் அவள் முகம் அவர்களுடைய அம்மாவின் முகமாக இருந்தது. அம்மாவின் முகம் தனக்கு ஞாபகம் இருப்பதே அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

அவன் "ம்" என்றான். கதவு மூடிக்கொண்டது.

7

முடிவுகள்.

ஒன்று: கட்டி நினைத்த அளவு இல்லை, குரல் தப்பியது. எழுதிப் பார்த்தேன். அதில் வரும் டாக்டருக்கே நம்பிக்கை இல்லை.

இன்னொன்று: அக்கா ஒரு தாளில் முடிவை எழுதிக் கொடுக்கிறாள். கிட்டத்தட்ட இதிலேயே நின்றிருப்பேன். ஆனால் எழுத்தைப் பார்த்தா அவள் கதை சொன்னாள்? தாளில் எழுதினால் அது டீச்சரின் பதிப்பைப்போல இன்னொரு பதிப்பு, அவ்வளவுதான்.

மற்றொன்றில் லிப்ட் மேலே போகிறது, ஆனால்—

இல்லை. எழுத மாட்டேன். என்னிடம் எதையும் மாற்றச் சொல்லுங்கள், மாற்றுகிறேன். அக்கா திரும்பி வருகிறாள். அதில் பேச்சுக்கே இடமில்லை.

8

வந்துவிட்டாள். கழுத்தில் வெள்ளைத் துணி, அதற்குக் கீழே மூச்சு போய்வரும் துளை. வீடு அமைதியாக இருக்கிறது. அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் பழம் வாங்கிக்கொண்டு வந்து, என்ன பேசுவதென்று தெரியாமல், சாலையைப் பார்ப்பதுபோல் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள்.

ஒரு மத்தியானம் கடைக்காரரும் டீச்சரும் வந்தார்கள். மாமா கொடுத்த பழைய பெட்டியைக் கடைக்காரர் பிரித்துப் பழுது பார்த்திருந்தார். டீச்சர் அதில் கடைசிக் கதவுக்கு முன்னால் இருக்கும் நிலைக்கண்ணாடி வரை ஆடிச் சேமித்துவைத்திருந்தார். டிவியில் மாட்டிவிட்டு இருவரும் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார்கள்.

சிறுமி கதவருகே வந்தாள். எண்ணெய் கொஞ்சம்தான் இருந்தது. கதவு மெதுவாகத் திறந்தது. யாரும் பேசவில்லை. எழுத்துப் பெட்டி விரிந்தது, நிறையப் பூச்சியெழுத்து. மூலையில் முக்கோணம் மின்னியது.

வழக்கம்போல் கைப்பிடி தம்பியின் கையில் இருந்தது. அக்கா அதை மெதுவாக வாங்கிக்கொண்டாள். கட்டைவிரலை உம் பொத்தானின் மேல் வைத்தாள். பிறகு அவனைப் பார்த்து, மாணவர்களிடம் "வண்டியை எடுங்க" என்று காட்டுவதுபோல் தாடையை உயர்த்தினாள்.

அந்த எழுத்தில் ஒன்றுகூட அவனுக்குத் தெரியாது. டிவியைப் பார்த்தான். அங்கே உதவி இல்லை. திரும்பி அக்காவின் முகத்தைப் பார்த்தான்.

"அந்தப் பொண்ணு கதவைத் திறந்தா" என்றான்.

அக்கா பொத்தானை அமுக்கினாள்.

"திறந்தா... உள்ள இருட்டு."

அவளுடைய உதடு லேசாகப் பிதுங்கியது. அவன் அவசரமாகத் திருப்பினான். "இருட்டுன்னா முழு இருட்டு இல்ல. யாரோ உக்காந்திருக்கிறது தெரிஞ்சுது."

அமுக்கினாள்.

இனி வருவது கடைசிப் பெட்டி. உண்மையான விளையாட்டில் அங்கே என்ன எழுதியிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். கடையை விட்டு நான் கிளம்பும்போது டீச்சர் கடைக்காரரிடம் சொன்னது காதில் விழுந்தது. அதை உங்களிடம் சொல்லப் போவதில்லை. தம்பி என்ன சொன்னான் என்பது எனக்குத் தெரியாது. எழுத உட்கார்ந்து பார்த்தேன், வரவில்லை. அக்காவுக்கு அன்று வராததுபோலவே எனக்கும் வரவில்லை. நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அதனால் இடத்தை மாற்றிக்கொள்வோம். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். முக்கோணம் மின்னிக்கொண்டிருக்கிறது. யாராவது ஏதாவது சொல்லும்வரை அந்தச் சிறுமி, இருட்டில் உட்கார்ந்திருக்கும் அந்த யாரோ, மடியில் கைப்பிடியோடு இருக்கும் அக்கா எல்லாரும் அப்படியேதான் இருப்பார்கள். அக்கா இப்போது உங்கள் முகத்தைப் பார்க்கிறாள்.

சொல்லுங்கள். அவள் ம் கொட்டுவாள்.